கைக்குத் தெரிந்த இடம்

கண்டி நகரில் தட்டச்சுக் கடை நடத்துபவருக்கு ஒரு மொழி போதாது. காலையில் சிங்களத்தில் ஒரு சத்தியக்கடதாசி வரும். அது அச்சாகி முடியுமுன், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வந்தவர் தமிழில் ஒரு விண்ணப்பம் கேட்பார். அடுத்தது கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் திருவிழா அறிவித்தலாக இருக்கலாம், அல்லது யாரோ ஒருவரின் ஆங்கிலச் சுயவிபரக்கோவையாக இருக்கலாம். பேராதனையில் கலஹா சந்திப் பக்கம் போனால் பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளும் சேர்ந்துகொள்ளும். ஒரே தாளில் மும்மொழியும் வரும் கடிதத் தலைப்புகளுக்கும் குறைவில்லை.

இந்த வேலையில் மொழி மாற்றம் எப்படி நடந்துவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோட் முறை பரவலாவதற்கு முன் வந்த எழுத்துருக்களில் மொழி என்பதே எழுத்துருவின் பெயர்தான். தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்எம் அபய, ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன். மைக்ரோசொப்ட் வேர்ட் 2003 வரை திரையின் மேற்பகுதியில், எழுத்தின் அளவுக்குப் பக்கத்தில், எழுத்துருப் பெட்டி எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அட்டவணை போட்டாலும் படம் செருகினாலும் பக்க ஓரத்தைத் திருத்தினாலும் அந்தப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. மும்மொழித் தட்டச்சாளரின் கை அந்த இடத்துக்குப் பார்க்காமலே போய் வந்தது.

2007 ஜனவரி இறுதியில் ஒபிஸ் 2007 பொதுமக்களுக்கு வந்தது. மெனுக்களும் கருவிப்பட்டைகளும் போய், ரிப்பன் என்ற அகன்ற பட்டை வந்தது. எழுத்துருப் பெட்டி அந்தப் பட்டையின் முதல் தாவலான ஹோமுக்குள் குடியேறியது. செருகல் தாவலிலோ பக்க அமைப்புத் தாவலிலோ நிற்கும்போது பெட்டி கண்ணில் படாது. முதலில் ஹோமுக்குத் திரும்ப வேண்டும், அப்புறம்தான் பாமினியைத் தேட வேண்டும். ஒரு மொழியில் மட்டும் எழுதுபவர் ஓர் ஆவணத்துக்கு ஒன்றிரண்டு தடவை எழுத்துருவை மாற்றுவார். மும்மொழி வேலையில் ஒரு பக்கத்துக்கே பல தடவை மாற்ற நேரும். இத்தகைய வேலைக்காரர் பழைய மெனுதான் நல்லது என்று சொன்னால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது அறிவியலுக்கு ஒத்துவராது.

ரிப்பனை வடிவமைத்தவர்களிடமும் வலுவான காரணம் இருந்தது. முதல் வேர்ட் மென்பொருளில் சுமார் 100 கட்டளைகள் இருந்தன. வேர்ட் 2003இல் அது 1500ஐத் தாண்டிவிட்டது. மெனுவுக்குள் மெனு, அதற்குள் உரையாடல் பெட்டி, அதற்குள் இன்னொரு தாவல் என்று கட்டளைகள் புதைந்துபோயின. புதியவருக்குத் தேவையான வசதி உள்ளேயே இருந்தும் அவர் கண்டுபிடிக்க முடியாத நிலை. பயனாளர்களின் ஒப்புதலோடு திரட்டிய தரவுகளை மைக்ரோசொப்டின் வடிவமைப்பாளர் ஜென்சன் ஹாரிஸ் அந்நாளில் வெளியிட்டார். வேர்ட் 2003இல் கொடுக்கப்பட்ட கட்டளைகளில் சுமார் 32 சதவீதம் வெறும் ஐந்து கட்டளைகளுக்கே போனது: ஒட்டு, சேமி, நகலெடு, செயல்தவிர், தடித்த எழுத்து. ஒட்டு என்ற ஒன்றுக்கு மட்டும் 11 சதவீதத்துக்கு மேல். ஆகவே அந்த ஒட்டுப் பொத்தானைப் பெரிதாக, முதல் தாவலின் முதல் இடத்தில் வைத்தார்கள். தரவை மதித்துச் செய்த வேலை அது.

ஆனால் உலகம் முழுவதையும் கூட்டிக் கிடைக்கும் சராசரியில், கண்டியின் மும்மொழித் தட்டச்சாளர் கரைந்துபோவார். அவருடைய ஐந்து கட்டளைகள் வேறு.

மனிதக் கை ஓர் இடத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது? இதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று கணினித் திரையில் மெனுக்கள் வருவதற்கு முந்தியது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு வலிப்பு நோயைத் தணிக்க மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் ஆற்றலை அவர் இழந்தார். காலையில் சந்தித்தவரை மாலையில் அறியார். மொன்றியலைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திர வடிவத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. ஆனால் அந்தப் பயிற்சியை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. சொல்லில் சொல்லக்கூடிய நினைவு வேறு, கை பழகும் நினைவு வேறு என்பது அங்கே தெளிவாயிற்று.

2014இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஸ்னைடரும் கோர்டன் லோகனும் சக ஆய்வாளர்களும் 100 பேரைத் தட்டச்சு செய்ய வைத்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 72 சொற்கள், துல்லியம் 94 சதவீதம். பிறகு எழுத்தில்லாத வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, எழுத்துகளை அந்தந்த இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15ஐத்தான் சரியாக வைக்க முடிந்தது. விரல் நொடியில் போய்த் தொடும் இடத்தை வாயால் சொல்லத் தெரியவில்லை. இதனால்தான் மெனு மாறும்போது அனுபவசாலிகளுக்கு ஏற்படும் எரிச்சலை அவர்களால் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. எது மாறியது என்று கேட்டால் எல்லாமே என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. இழந்தது எது என்று அவர்களின் கைக்குத் தெரியும், நாவுக்குத் தெரியாது.

மெனுக்களை நேரடியாக ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதற்கு ஒத்தே போகிறது. 1952இல் கேம்பிரிட்ஜின் எட்மண்ட் ஹிக்கும் மறு ஆண்டில் அமெரிக்காவின் ரே ஹைமனும் ஒரு விதியைக் கண்டறிந்தார்கள்: தெரிவுகள் இரட்டிப்பாகும்போது முடிவெடுக்கும் நேரம் இரட்டிப்பாவதில்லை, ஒரு சிறு அளவுதான் கூடுகிறது. ஆனால் எந்தத் தெரிவு எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் இந்தச் சலுகை. தெரியாதவர் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துவர வேண்டும். பட்டியல் இருமடங்கானால் நேரமும் ஏறத்தாழ இருமடங்கு. 2007இல் நியூசிலாந்தின் ஆண்டி கொக்பர்ன், கனடாவின் கார்ல் குட்வின், சோல் கிரீன்பெர்க் மூவரும் இந்த இரண்டையும் இணைத்து ஒரு கணித மாதிரி அமைத்தார்கள். ஒருவர் ஒரு மெனுவோடு பழகப் பழக, தேடல் குறைந்து நேரடித் தெரிவு கூடுகிறது. இடம் மாற்றப்பட்ட மறுகணமே அனுபவசாலி தேடுபவராகத் திரும்புகிறார். அவர் சேர்த்த ஆண்டுகளை வடிவமைப்பாளர் ஒரே இரவில் எடுத்துவிடுகிறார் என்றே சொல்லலாம்.

இன்னொரு முடிவு வியப்பானது. 1982இல் ஸெரொக்ஸ் ஆய்வகத்தின் ஸ்டுவர்ட் கார்ட் மெனுக்களை அகரவரிசை, பொருள்வரிசை, கண்டபடி கலைத்த வரிசை என மூன்று விதமாக அடுக்கிச் சோதித்தார். தொடக்கத்தில் கலைத்த வரிசை மிகவும் மெதுவாக இருந்தது. பயிற்சி கூடிய பிறகு மூன்றுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்துபோனது. வரிசையின் நேர்த்தி புதியவருக்குத்தான் உதவுகிறது; பழகியவருக்கு நிலையான இடமே போதும்.

இடத்தை நிலையாக வைக்காமல், ஆளைப் பார்த்து மெனுவே மாறிக்கொண்டால் என்ன என்றும் முயன்றார்கள். 1989இல் ஜெஃப்ரி மிட்செலும் பென் ஷ்னைடர்மனும், பயன்படுத்திய எண்ணிக்கைக்கு ஏற்பத் தானாக இடம் மாறும் மெனுவையும் அசையாத மெனுவையும் ஒப்பிட்டார்கள். கலந்துகொண்டவர்களில் 81 சதவீதத்தினர் அசையாத மெனுவையே விரும்பினார்கள். இதைப் பொருட்படுத்தாமல் பத்து ஆண்டு கழித்து ஒபிஸ் 2000 அதே வழியில் போனது. அதிகம் பயன்படுத்தாத கட்டளைகளை அது மறைத்துவைத்தது. சிறிது நேரம் காத்திருந்தால் அல்லது அடியிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் விரித்துக் காட்டியது. நேற்றிருந்த வரி இன்று இல்லை, நாளைக்கு வேறிடத்தில் இருக்கும். பயனாளர்கள் அந்த வசதியை நிறுத்திவைக்கும் வழியைத் தேடினார்கள். ஒபிஸ் 2007இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

விண்டோஸின் கதை இதைவிடப் பெரியது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95இல், திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பொத்தான் பிறந்தது. அதை வடிவமைத்த டேனி ஓரன் உளவியல் படித்தவர். நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயிற்சி பெற்றவர். திரையின் மூலை ஒரு நல்ல இடம். சுட்டியை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் அது மூலையைத் தாண்டிப் போகாது, குறிபார்க்கத் தேவையில்லை. இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகச் சேரும் என்று 1954இல் பால் ஃபிட்ஸ் கண்ட விதிக்கு, எறிந்தால் தப்பாத அந்த மூலை முழுப் பொருத்தம். பதினேழு ஆண்டுகள் உலகத்தின் கைகள் அங்கே போய் வந்தன. 2012 ஒக்டோபரில் விண்டோஸ் 8 அந்தப் பொத்தானை எடுத்துவிட்டது. தொடுதிரைக்கென்று வரைந்த ஓடுகள் முழுத் திரையையும் நிரப்பின. மக்கள் ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 2009இல் ஐவோ பெல்ட்செவ் என்ற மென்பொருளாளர் பழைய ஸ்டார்ட் மெனுவைத் திருப்பித் தரும் கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருளை எழுதியிருந்தார். விண்டோஸ் 8 வந்ததும் அதற்குக் கிராக்கி ஏறியது. மைக்ரோசொப்டும் இறங்கி வந்தது. 2013இல் 8.1இல் பொத்தான் திரும்பியது. 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10இல் மெனுவே திரும்பியது. பெல்ட்செவ் 2017 டிசம்பரில் வேலையை நிறுத்தினார்; ஆர்வலர்கள் ஓப்பன் ஷெல் என்ற பெயரில் அதைத் தொடர்கிறார்கள்.

லினக்ஸ் உலகத்திலும் இதே சண்டை. 2011 ஏப்ரலில் க்னோம் 3 என்ற திரைச்சூழல் பழைய மெனுப்பட்டையையும் சாளரப் பட்டியலையும் தூக்கி எறிந்தது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கடுமையாகக் கண்டித்து, எக்ஸ்எஃப்சிஈ என்ற எளிய திரைச்சூழலுக்கு மாறினார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனாளர் க்னோம் 2இன் மூலநிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் உயிர்ப்பித்தார். இலங்கைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தலைக்கு மேல் நிற்கும் ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ஹந்தான லினக்ஸ், ஃபெடோரா என்ற லினக்ஸ் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு இலங்கையர் உருவாக்கிய இயங்குதளம். பாடசாலைக்கும் அரச அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஏற்றதாக அமைந்தது. க்னோம் மட்டுமல்லாமல் கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்டிஈ போன்ற திரைச்சூழல்களையும் அது வழங்கியது, பிடித்ததைத் தெரிவுசெய்ய முடிந்தது. எல்எக்ஸ்டிஈயும் எக்ஸ்எஃப்சிஈயும் பழைய பாணி மெனுவைக் கொண்டவை, குறைந்த நினைவகமுள்ள பழைய கணினியிலும் ஓடுபவை. பழைய இயந்திரத்தை வைத்துக் காலம் தள்ளும் தோட்டப் பாடசாலைக்கு இது சிறு விடயமல்ல.

இனி, பழையதை வைத்துக்கொள்வதில் எது நியாயம், எது தவறு என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு இலங்கையின் விசைப்பலகையைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா. ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் பிஜோ என்ற பெயரில் அதைச் செய்து விற்றது. இலங்கையில் தமிழ்த் தட்டச்சுக்கு நிலைபெற்றது ரெங்கநாதன் என்று வழங்கும் விசை அமைப்பு. கணினி வந்தபோது பாமினி எழுத்துரு அந்த அமைப்பையே ஒட்டி நின்றது. தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்கள் கணினியில் புதிதாக எதையும் கற்கத் தேவைப்படவில்லை. பாமினி இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பாமினிக்குள் இருப்பது தமிழே அல்ல. தமிழ் என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். அவற்றுக்கு மேல் தமிழ் வடிவம் வரைந்து காட்டப்படுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடுபொறி அதைக் கண்டுபிடிக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைத் தமிழாகப் படிக்காது. கண்டியின் தட்டச்சுக் கடைகளில் இப்படிச் சேர்ந்த விண்ணப்பங்கள், உறுதிகள், மலர்க் கட்டுரைகள் எத்தனையோ, தேட முடியாமல் கிடக்கின்றன. இது உண்மையான இழப்பு. இந்தப் பழையதைக் கைவிடத்தான் வேண்டும்.

2008இல் இலங்கை எடுத்த முடிவு இங்கேதான் மெச்சத்தக்கது. எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தரநிலை, உள்ளே யூனிகோடையும் விரலுக்கு ரெங்கநாதன் அமைப்பையும் ஏற்றது. சிங்களத்துக்கும் அதே வழி: எஸ்எல்எஸ் 1134 தரநிலை 1960களின் தட்டச்சுப்பொறிக் காலத்து விஜேசேகர அமைப்பைக் கணினிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1999இல் தமிழ்99 என்ற புதிய அமைப்பை வகுத்தது. அதுவும் நன்கு சிந்தித்த அமைப்பே, புதிதாகக் கற்பவருக்கு எளிது. ஆயினும் விரல் பழகிவிட்ட ஒரு தலைமுறையிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வதற்குப் பதில், இலங்கை அடியிலுள்ள குறியீட்டை மாற்றிவிட்டு மேலுள்ள இடங்களை அப்படியே விட்டது. வீட்டுச் சுவருக்குள் கம்பியைப் புதிதாக இழுத்துவிட்டு, விளக்குப் பொத்தானைப் பழைய இடத்திலேயே பொருத்துவது போன்றது இது.

மெனு வடிவமைப்பாளர்களும் சில இடங்களில் இந்த அறிவோடு நடந்திருக்கிறார்கள். எக்செல் 2003இல் சிறப்பு ஒட்டுதலுக்கு ஆல்ட், ஈ, எஸ், வி என்று வரிசையாகத் தட்டுவார்கள். அந்த எழுத்துகள் குறித்த எடிட் மெனு 2007இலேயே போய்விட்டது. இருந்தும் ரிப்பன் வந்த எக்செல்லில் அதே வரிசையைத் தட்டினால் வேலை நடக்கிறது. கணக்காளர்களின் விரல்களை மதித்து அதை விட்டுவைத்தார்கள். இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸ் இன்னும் நேர்மையாக நடந்தது: 2019 பெப்ரவரியில் வெளியான 6.2 பதிப்பிலிருந்து தாவல் பட்டை வேண்டுமா பழைய மெனுவும் கருவிப்பட்டையும் வேண்டுமா என்று பயனாளரே தெரிவுசெய்யலாம். பழையவர் பழையதை வைத்துக்கொள்ள, புதியவர் புதியதில் தொடங்க, ஒரே மென்பொருள் இருவருக்கும் உழைக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பரப்பிவிடுவது இன்னொரு வழி. 2012இல் கொக்பர்ன், குட்வின் குழுவினர் கட்டளை வரைபடம் என்ற அமைப்பைச் சோதித்தார்கள்: தாவல்களை ஒழித்து, எல்லாக் கட்டளைகளையும் திரையில் நிலையான இடங்களில் ஒருசேர விரித்துக் காட்டுவது. பழகியவர்கள் அதில் மெனுவையும் ரிப்பனையும்விட வேகமாக வேலை செய்தார்கள். ஆக, பழைய மெனுவின் மேன்மை அதன் வயதில் இல்லை. அது இடத்தைக் காப்பாற்றியதில் இருந்தது. இடத்தைக் காப்பாற்றும் புதிய வடிவம் பழையதையும் வெல்லும்.

இந்த விடயம் கண்டிக்கு இப்போது அவசரமானது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. பழகிய மெனுவுக்காக ஆதரவு நின்ற இயங்குதளத்திலேயே தங்கிவிடுவது ஆபத்து. 2017 மே மாதத்தில் வன்னாகிரை என்ற தீநிரல், பாதுகாப்புத் திருத்தம் போடாத கணினிகளை உலகெங்கும் முடக்கியது. அடுத்துப் போக வேண்டிய விண்டோஸ் 11உம் பழக்கத்தைக் கலைத்தது: வலது சொடுக்கு மெனுவில் வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகியவற்றின் பெயர்களை நீக்கிச் சின்னங்களாக்கியது. 2024இல் பெயர்கள் அந்தச் சின்னங்களுக்கு அடியில் திரும்பி வந்தன. பணிப்பட்டையில் சாளரங்களைத் தனித்தனியாகக் காட்டும் வசதியை 2021இல் எடுத்து, 2023இல் திருப்பித் தந்தார்கள். பயனாளர் விடாமல் கேட்டால் கிடைக்கிறது.

ஆகவே கடைக்கோ பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ புதிய கணினி வாங்குபவர்கள், அதில் வேலை செய்யப்போகிறவரை முதல் நாளே பக்கத்தில் அமர்த்தி, அவர் கைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்க வேண்டும். வேர்ட் இருந்தால் ஹோம் தாவலிலுள்ள எழுத்துருப் பெட்டியின் மேல் வலது சொடுக்கிட்டு, விரைவு அணுகல் பட்டையில் சேர்க்கும் தெரிவை அழுத்தினால் போதும். பெட்டி எந்தத் தாவலிலும் மறையாது. விண்டோஸ் 11இன் ஸ்டார்ட் பொத்தானைப் பணிப்பட்டை அமைப்புகளில் இடது மூலைக்கே திருப்பலாம். பாமினியில் பழகியவர்கள் இ-கலப்பையையோ என்எச்எம் ரைட்டரையோ இலவசமாகப் பெற்று, அதே பாமினி விசைகளில் யூனிகோட் தமிழை எழுதலாம். விரல் பழையபடியே ஓடும். கோப்பில் ஏறுவது தேடக் கிடைக்கும் தமிழாக இருக்கும்.